மின்னலின் எட்டாவது பக்கம்

ஒன்பது வருஷம் ஒரு பாட்டுக்காரன் வாயைத் திறக்காமல் இருந்தால் ஊர் அவனை மறந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மலாக்கா காஜா பெராங்கில் மின்னல் மருதமுத்துவை ஒரே ஒரு நாள்கூட யாரும் மறக்கவில்லை. மறக்க அஞ்சலை விட்டால்தானே.

அஞ்சலைக்கு அப்போது வயது முப்பத்து நாலு. பெண்டஹாரா சாலையில் ஒரு துணிக்கடையில் ரவிக்கை தைக்கிற வேலை. கழுத்தில் அளவு நாடா தொங்கும், காதில் பென்சில் செருகியிருக்கும். ரவிக்கை அளவு குறிக்கிற பென்சில் என்று கடை முதலாளி நினைத்துக்கொண்டிருந்தார், பாவம். அது மின்னல் பாட்டு எழுதுகிற பென்சில்.

மின்னல் ஈப்போக்காரர். ஆர்மோனியத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எதிரே யார் இருந்தாலும் நாலு கேலி வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். தோட்டத்துக் கங்காணி, ரேஷன் கடைக் குமாஸ்தா, மாலை போடாவிட்டால் மேடையேறாத சங்கத் தலைவர், ஜப்பான்காரன் காலத்து மரவள்ளிக் கிழங்கு, எதையும் விட்டுவைத்ததில்லை. அதுவும் எப்படி, ஒரே மூச்சில் எட்டு வரி. கேட்கிறவன் முதல் வரிக்குச் சிரித்து முடிப்பதற்குள் அவர் ஆறாவது வரிக்குப் போயிருப்பார். மின்னல் என்ற பேர் சும்மா வரவில்லை. நாற்பத்தெட்டில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டான். கேலிப் பாட்டையெல்லாம் முதலில் எழுதிக் காட்டு, அப்புறம் பாடு என்று யாரோ ஒரு துரை சொன்னாராம். காட்டிவிட்டுப் பாடுவதற்கு நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா என்று ஆர்மோனியத்துக்கு உறை போட்டுக் கட்டி வைத்தவர்தான், அதன்பிறகு ஒரு இசைத்தட்டு வெளிவரவில்லை.

இங்கே காஜா பெராங்கில் மின்னல் ரசிகர் சபை என்று ஒன்று இருந்தது. பேருக்கு நாற்பது பேர். உயிரை விடுகிறவர்கள் நாலு பேர். தலைவர் தம்பிராஜா, ரோடு போடும் இலாகாவில் மண்டோர் என்கிற மேஸ்திரி, ஆள் மலை மாதிரி இருப்பார், அழ ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. மாணிக்கவாசகம், தமிழ்ப் பள்ளி வாத்தியார், எதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார். ரொட்டிக்கார தேவதாஸ், சைக்கிளுக்குப் பின்னால் பெரிய தகரப் பெட்டி வைத்துக்கொண்டு ஊரெல்லாம் ரொட்டி விற்பவர், மூக்கு நுனியில் கோபம். நாலாவது ஆள் அஞ்சலை, சபையின் எழுத்தர்.

சபைக்குப் பாட்டுப்பெட்டி கிடையாது. அது நாகம்மா வீட்டில் இருந்தது. நாகம்மா மலாக்காச் செட்டி வம்சம். சரோங்கும் கெபாயாவும் கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, மாரியம்மன் கோயிலுக்குத் தவறாமல் போகிற அம்மாள். ஆனால் தமிழ் நாலு வார்த்தைக்கு மேல் வராது. வாயைத் திறந்தால் மலாய்தான். பாட்டில் ஒரு வரி புரியாவிட்டாலும் மெட்டுக்காகவே மின்னலைக் கேட்பாள். சாவி கொடுத்துச் சுற்றுகிற அந்தப் பெட்டியைத் தினம் துடைத்து, மேலே பூவேலை செய்த துணி போட்டு மூடி வைத்திருப்பாள்.

இப்போது ஒரு ரகசியம் சொல்ல வேண்டும். மின்னல் பாடுகிற வேகத்துக்கு வார்த்தையைப் பிடித்து எழுத மனுஷரால் ஆகாது. அஞ்சலை ஒரு வழி கண்டுபிடித்தாள். தட்டு சுழலுகிற வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதை 'மெதுவு' பக்கம் கடைசிவரை தள்ளிவிட்டால் மின்னல் மாட்டு வண்டியாகிவிடுவார். ஒவ்வொரு வார்த்தையாக அள்ளி எழுதிக்கொள்ளலாம். எழுதி முடித்ததும் திருகைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான். இப்படி ஆறு நோட்டுப் புத்தகம் நிறைத்திருந்தாள். "அவர் எங்க மூச்சு வாங்குவாருன்னு எனக்குத் தெரியும், தூக்கத்தில எழுப்பிக் கேளுங்க" என்று அலட்டிக்கொள்வாள். யாரும் மறுத்ததில்லை, ஏனென்றால் அது உண்மை.

நாற்பத்தேழில் அவருக்கு ஒரு கடிதம்கூடப் போட்டாள். 'உங்கள் புதுத் தட்டு பிரமாதம், ஆனால் மூன்றாம் சரணம் சொத்தை. நாங்கள் திருகை மெதுவில் வைத்து ஒவ்வொரு சொல்லாக எழுதுகிறவர்கள், எங்களிடம் தப்ப முடியாது' என்று. தம்பிராஜா தலையில் கையை வைத்துக்கொண்டார். பத்து நாளில் ஈப்போவிலிருந்து ஒரு கார்டு வந்தது. 'சொத்தைதான். பிடுங்கிவிட்டேன்.' அதற்குப் பிறகு எந்த மேடையிலும் அந்தச் சரணத்தை அவர் பாடவில்லை. அந்தக் கார்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள் அஞ்சலை.

ஐம்பத்தேழு ஆகஸ்டு மாதம் பிறந்தது. மாசக் கடைசியில் நாட்டுக்குச் சுதந்திரம், ஊரெல்லாம் மெர்டேக்கா பேச்சு. கடைக்குக் கடை கொடித் துணி வெட்டிக்கொண்டிருந்தார்கள், அஞ்சலையின் தையல் மெஷினுக்கும் அதுதான் வேலை. வியாழக்கிழமை தபால்காரர் ஒரு கனத்த பார்சலைத் தம்பிராஜா வீட்டில் இறக்கினார். பிரித்தால் உள்ளே கெட்டி அட்டை போட்ட ஆல்பம், புத்தகம் மாதிரி. ஒவ்வொரு தாளுக்கும் பதில் ஒரு உறை, ஒவ்வொரு உறையிலும் ஒரு தட்டு. நாலு தட்டு, எட்டுப் பக்கம், எட்டுப் பாட்டு. மேலே மின்னல் மருதமுத்து என்று பொன் எழுத்து. தம்பிராஜா பக்கத்து வீட்டுக்காரரைக் கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டார். அந்த ஆளுக்கு மின்னலும் தெரியாது, இடியும் தெரியாது.

கூடவே ஒரு கடிதம் இருந்தது. அதை இன்றைக்கும் அஞ்சலை மனப்பாடமாகச் சொல்வாள்.

'காஜா பெராங் சபையாருக்கு. எனக்கு வயது அறுபத்திரண்டு. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு பாடியிருக்கிறேன். இங்கே எல்லாரும் ஆகா ஓகோ என்கிறார்கள். எல்லாரும் என் சொந்தக்காரர்கள், நம்புவதற்கில்லை. திங்கட்கிழமை காலை கம்பெனிக்காரர் வருகிறார். மேலே பாடுவதா, ஆர்மோனியத்தை யாருக்காவது கொடுத்துவிட்டுச் சும்மா கிடப்பதா என்று அன்றைக்கு அவரிடம் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு உள்ளதை உள்ளபடி தந்தி அடியுங்கள். நன்றாக இருந்தால் மெர்டேக்கா வாரத்தில் உங்கள் ஊருக்கே வந்து பாடுகிறேன். இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள். உங்களைத் தவிர வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.'

அன்றைக்கு அஞ்சலை ஒரு கொடியைத் தலைகீழாகத் தைத்துவிட்டுப் பிரித்தாள். ஒரு பெரிய மனுஷன் தன் மிச்ச வாழ்க்கையை நாலு பேர் காதில் கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்றால் சும்மாவா.

சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு நாகம்மா வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். தம்பிராஜா வெள்ளை வேட்டி. வாத்தியார் ஜிப்பா, அதில் இரண்டு பேனா. தேவதாஸ் அன்றைக்கு ரொட்டி விற்கப் போகவில்லை. அஞ்சலை கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பட்டு கட்டியிருந்தாள். சபையில் ஒரு வழக்கம் உண்டு. புதுத் தட்டு கேட்கிற நாளில் பழைய தட்டு எதையும் பெட்டியில் போடக் கூடாது, காது சுத்தமாக இருக்க வேண்டும். நாகம்மா துணியை எடுத்து மடித்தாள். தம்பிராஜா சாவி கொடுத்தார். வாத்தியார் புது ஊசி மாட்டினார். முதல் தட்டின் மேல் ஊசி இறங்கியது.

கரகரவென்று கொஞ்ச நேரம். அப்புறம் ஆர்மோனியம் வந்தது. வந்தது என்று சொல்வதா, சேற்றில் படுத்த எருமை எழுந்திருக்கிற மாதிரி ஒரு இழுவை. அதற்கு மேல் மின்னலின் குரல்.

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. குரல் கனத்து, களைத்து, ஒவ்வொரு வார்த்தையையும் தூக்கித் தூக்கி வைத்தது. பாட்டு என்னவோ பஸ் கண்டக்டரைப் பற்றிய கேலிதான். 'டிக்கெட், டிக்கெட்' என்று அவர் பாடியது எழவு வீட்டில் பேர் சொல்லி அழுவதைப் போலிருந்தது.

"தொண்டை கட்டியிருக்கும்" என்றார் தேவதாஸ்.

"ரெண்டு பாட்டுக்குமா?" என்றார் தம்பிராஜா. இரண்டாம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண் ஏற்கெனவே கலங்கிவிட்டது.

வாத்தியார் விடவில்லை. "இது முதிர்ச்சி. வயசான கலைஞன் வேகத்தை விட்டுட்டு ஆழத்துக்குப் போறான். ஆர்மோனியத்தைக்கூட மந்தர சுருதியில வச்சிருக்காரு பாருங்க. நமக்குத்தான் கேக்கப் பக்குவம் வரணும்."

"ஆழத்துக்குப் போறதுன்னா கெணத்துல விழணும். சும்மா இருங்க வாத்தியாரே" என்றார் தேவதாஸ்.

நாகம்மா சமையல் கட்டிலிருந்து பலகாரத் தட்டோடு வந்து நின்றாள். தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டாள். "லம்பாட் லா, மெஷின் சாக்கிட் கா?" என்றாள். மெதுவாக இருக்கிறதே, மெஷினுக்கு உடம்பு சரியில்லையா என்று.

"மெஷினுக்கு ஒண்ணும் இல்லக்கா. மனுஷனுக்குத்தான் வயசாயிடுச்சு" என்று மலாயில் பதில் சொன்னாள் அஞ்சலை. தமிழ் தெரியாதவளுக்கு மின்னலைப் பற்றி என்ன தெரியும் என்று உள்ளுக்குள் ஒரு எரிச்சல்கூட வந்தது அவளுக்கு. நாகம்மா உதட்டைப் பிதுக்கிவிட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போனாள். பலகாரத்தை யாரும் தொடவில்லை.

ஆறாவது பக்கம் முடிந்ததும் தம்பிராஜா கையை உயர்த்திவிட்டார். "போதும். எனக்குத் தாங்காது." மூன்றாவது தட்டை உறையில் போட்டார்கள். நாலாவதை எடுக்கவே இல்லை.

தந்திக்கு என்ன எழுதுவது. பொய் சொல்லிவிடலாம் என்றார் வாத்தியார். பொய் சொல்ல அவருக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், நம்மிடம் கேட்டது வேறு என்றார் தேவதாஸ், இத்தனைக்கும் அவருக்கும் கண் சிவந்திருந்தது. எல்லாரும் அஞ்சலையைப் பார்த்தார்கள். அவள் காதிலிருந்து பென்சிலை எடுத்தாள். மேடையில் ஏறி அந்தக் குரலில் பாடி, ஜனங்கள் சிரித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாள். அந்த அவமானம் அவருக்கு வேண்டாம். 'பாட்டுக் கேட்டோம். போதும் ஐயா. ஓய்வெடுங்கள்.' அவள் எழுதியதிலேயே அதுதான் சின்னது, அதை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது. தம்பிராஜா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறப் போனார். தபால் ஆபீசில் நாலு மணிக்குத் தந்திக் கவுண்டரை மூடிவிடுவார்கள்.

வாத்தியாரும் தேவதாசும் வீட்டுக்குப் போக மனம் வராமல் வாசல் வேப்பமரத்தடியில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை கூடத்தில் தனியாக உட்கார்ந்தாள். எழுத்தர் வேலை என்று ஒன்று இருக்கிறதே. கடைசிப் பாட்டுகளாவது ஏழாவது நோட்டில் ஏறட்டும், அவர் பேருக்கு ஒரு மரியாதை. நாலாவது தட்டை உருவினாள். மேலே வந்தது எட்டாவது பக்கம். அதையே வைத்தாள். சாவி கொடுத்தாள். நோட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள். எழுதப் போகும்போது எப்போதும் செய்கிறபடி வலது கைக் கட்டைவிரலால் திருகை மெதுவுப் பக்கம் தள்ளினாள்.

திருகு நகரவில்லை.

இன்னொரு தரம் தள்ளினாள். அது ஏற்கெனவே கடைசியில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்து, பழைய பாட்டில் சந்தேகமாயிருந்த ஒரு வரியைச் சரிபார்த்தது யார்? அஞ்சலை. நாளைக்குப் புதுத் தட்டு என்ற சந்தோஷத்தில் திருகைத் திருப்பி வைக்காமல் ஓடியது யார்? அதுவும் அஞ்சலைதான். அவர் மூச்சு வாங்குகிற இடம் தெரியும் என்று பீற்றிக்கொண்ட மகராசி.

திருகைப் பழைய இடத்துக்குத் தள்ளினாள். ஊசியை இறக்கினாள்.

ஆர்மோனியம் கூடத்துக்குள் குதித்தது. டோலக் அதைத் துரத்தியது. அதற்கு முன்னால் மின்னல், ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட வயசாகாத மின்னல், ஓடினார்.

மெல்ல ஓட்டி மெல்ல ஓட்டி
என் வாயைப் பிடிச்ச ஊரு,
காஜா பெராங் காரரே
இதைப் பிடிச்சுக் காட்டு பாரு.

அஞ்சலைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நோட்டு மடியிலிருந்து விழுந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் அவள் எழுதின கடிதத்தை அவர் மறக்கவில்லை. திருகு, பென்சில், நோட்டு என்று எல்லாவற்றையும் பாட்டில் வைத்து வாங்கு வாங்கு என்று வாங்குகிறார். அவளைக் கேலி செய்கிறார். உலகத்தில் யார் கேலி செய்தால் அது பெரிய பாக்கியமோ அவருடைய கேலி. சிரித்தாள், அழுதாள், இரண்டில் எது எப்போது என்று அவளுக்கே தெரியவில்லை.

நாகம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். "ஹா, இனி பாரு" என்றாள் மலாயில், இப்போதுதான் சரி என்கிற மாதிரி. சொல்லிவிட்டுக் கரண்டியைப் பிடித்தபடியே ஆட ஆரம்பித்தாள். தேவதாஸ் வாசலிலிருந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். வாத்தியார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றார். அப்புறம் சுதாரித்துக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன்ல, இதுல ஏதோ இருக்குன்னு" என்றார். தேவதாஸ் அவரை அடிக்கப் போனார். பாதியில் மனசு மாறிக் கட்டிக்கொண்டார்.

"தந்தி" என்றாள் அஞ்சலை.

எல்லாரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மூன்று இருபத்தைந்து.

அடுத்த பஸ் எப்போது வரும் என்று அந்தப் பஸ்ஸுக்கே தெரியாது. தேவதாஸ் சைக்கிளை இழுத்தார். பின்னால் ரொட்டிப் பெட்டி இருந்தது, கழற்ற நேரமில்லை. "ஏறும்மா பெட்டி மேல" என்றார். பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அஞ்சலை தகரப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தாள். காஜா பெராங்கிலிருந்து ஆற்றுப் பாலம் வரை தேவதாஸ் மிதித்த மிதியை அந்தச் சைக்கிள் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. பழக்க தோஷத்தில் முக்குக்கு முக்கு ரொட்டி மணியை அடித்துக்கொண்டே போனார். ஒரு சீனத்தி கதவைத் திறந்து ரொட்டி கேட்டாள். நாளைக்கு என்று கத்திவிட்டுப் போனார்.

பெண்டஹாரா சாலையில் துணிக்கடை முதலாளி வாசலில் நின்று கொடி கட்டிக்கொண்டிருந்தார். காய்ச்சல் என்று லீவு போட்ட தையற்காரி பட்டுப் புடவையில் ரொட்டிப் பெட்டி மேல் உட்கார்ந்து போவதைப் பார்த்தார். அஞ்சலை மரியாதையாக ஒரு கும்பிடு போட்டாள். வேறு என்ன செய்வது.

மணிக்கூண்டுப் பக்கத்துத் தபால் ஆபீஸ் படியில் தம்பிராஜா உட்கார்ந்திருந்தார். கைக்குட்டையால் முகத்தை மூடியிருந்தார். "அனுப்பிட்டீங்களா அண்ணே?" என்று கேட்டாள் அஞ்சலை. "அஞ்சு நிமிஷம் ஆச்சு" என்றார். அவள் படியில் அவர் எதிரே நின்று சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. திருகு மெதுவில் இருந்தது, வைத்தது நான், மறந்தது நான், கேட்டும் அடையாளம் தெரியாமல் தந்தி எழுதியதும் நான் என்றாள்.

தம்பிராஜா எழுந்தார். மலை எழுந்த மாதிரி இருந்தது. "அவர் மூச்சு வாங்கற எடம் தெரியும்னியே" என்றார். குரல் உயரவில்லை, அதுதான் அவளுக்கு வலித்தது.

"தெரியலண்ணே. நாகம்மா அக்காவுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல. எழுத்தர் வேலைய வேற யாருக்காச்சும் குடுங்க. இப்ப என்னை உள்ள விடுங்க."

தம்பிராஜா ஒதுங்கி வழிவிட்டார். கவுண்டரில் இருந்த யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மூடப் போறன் அம்மா. இங்கிலீஸ் எழுத்திலை எழுதுங்கோ, கெதியா" என்று அவசரப்படுத்தினார். அஞ்சலை தமிழைத்தான் எழுதினாள், எழுத்து மட்டும் இங்கிலீஸ். 'முதல் தந்தி தப்பு. திருகு மெதுவில் கிடந்தது. மறந்தவள் நான். பாட்டு மின்னல். பாடுங்கள். வாருங்கள். அஞ்சலை.' குமாஸ்தா படித்தார். அஞ்சு நிமிஷத்துக்கு முன்னால் போன தந்தியையும் அவர்தான் அனுப்பியிருந்தார். "ஒரே ஆக்களோ?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். தலையை ஆட்டிக்கொண்டு கட்கட்டென்று அடிக்க ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலமும் ஞாயிறு முழுவதும் நாகம்மா வீட்டில் எட்டுப் பக்கமும் ஓடின, மறுபடி ஓடின. செய்தி பரவி நாற்பது பேரும் வந்துவிட்டார்கள். பஸ் கண்டக்டர் பாட்டுக்கு ஒரு நிஜக் கண்டக்டரே விழுந்து விழுந்து சிரித்தார். பலகாரம் தீர்ந்து, மறுபடி சுட்டு, அதுவும் தீர்ந்தது. வாத்தியார் இந்த வேகத்துக்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அஞ்சலை மட்டும் பாதி சந்தோஷத்தில் இருந்தாள். ஓய்வெடுங்கள் என்று தன்னை நம்பினவருக்கே எழுதிவிட்டோமே, இரண்டாவது தந்தியை அவர் நம்புவாரா, மனசு இரங்கிப் பொய் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டால்? அந்த நினைப்பு வந்தபோதெல்லாம் எழுந்து போய்த் திருகைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தந்தி வந்தது. தம்பிராஜா அதைப் பிரிக்காமல் துணிக்கடைக்கே கொண்டுவந்தார். பின்னாலேயே தேவதாசும் வாத்தியாரும். அஞ்சலை பிரித்தாள்.

'எட்டாம் பக்கம் மூன்றாம் சரணம் எப்படி.'

அவ்வளவுதான். சிரித்தாரா, கோபித்தாரா, ஒன்றும் தெரியவில்லை. எட்டாம் பக்கத்து மூன்றாம் சரணத்தைப் பற்றி இரண்டு நாளாக ஒருவரும் பேசவில்லை. எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. முதல் இரண்டு சரணம் தீ. மூன்றாவதில் மெர்டேக்கா வருகிறது, கூடவே குயில் கூவுகிறது, தாமரை மலர்கிறது, சூரியன் எழுகிறது. ரேஷன் கியூவைப் பாடின மனுஷனுக்குக் குயில் எதற்கு.

"பிரமாதம்னு அடிச்சிடு. கம்பெனிக்காரர் இப்ப அவர் வீட்டுல உக்காந்திருப்பாரு" என்றார் தம்பிராஜா. "ஒரு தடவை அந்த மனுஷன் மனச ஒடச்சாச்சு. இன்னொரு தடவை வேணாம்."

"நல்லாத்தான் இருக்கு அந்தக் குயில்" என்றார் தேவதாஸ். அவருக்கே அது நம்பும்படியாக இல்லை.

அஞ்சலை தந்தியைத் திரும்பப் படித்தாள். முதல் தந்தியில் தெரியாமல் பொய் சொல்லிவிட்டாள். அதற்கு மன்னிப்பு உண்டு. இப்போது தெரிந்தே சொன்னால் சட்டம் போட்டு மாட்டின அந்தக் கார்டைக் கழற்றிவிட வேண்டியதுதான். அதோடு, ஓய்வெடுங்கள், வாருங்கள் என்று இரண்டு விதமாகத் தந்தி கிடைத்தவருக்கு எதை நம்புவது என்று தெரிய வேறு என்ன வழி இருக்கிறது? அவர் கேட்பதே அதற்குத்தானே.

"அண்ணே, இவங்க பழைய ஆளுங்கதானான்னு பாக்குறாரு" என்றாள்.

காதிலிருந்து பென்சிலை எடுத்து, கொடித் துணி சுற்றி வந்த அட்டையில் எழுதி நீட்டினாள். 'சொத்தை. நேரில் வந்து பிடுங்கவும்.' தம்பிராஜா படித்தார். முதலில் முகம் வெளுத்தது. அப்புறம் அந்தப் பெரிய உடம்பு குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்தார்கள், சிரித்துக்கொண்டிருந்தார். அட்டையை எடுத்துக்கொண்டு தபால் ஆபீசுக்கு நடந்தார், ஓடினார் என்றே சொல்ல வேண்டும். எழுத்தர் பதவி பற்றி அதற்குப் பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை.

சாயங்காலம் பதில் வந்தது. 'வருகிறேன்.'

செப்டம்பர் முதல் தேதி, ஞாயிறு மாலை ஐந்து மணி. தமிழ்ப் பள்ளித் திடலில் கொடித் தோரணம், பெஞ்சு போட்ட மேடை. பத்து பெரெண்டாம் என்கிற ஊரிலிருந்தெல்லாம் லாரி பிடித்து ஜனம் வந்திருந்தது. நாகம்மாவுக்கு முன்வரிசையில் நடு நாற்காலி, அதில் தகராறே இல்லை. மின்னல் மருதமுத்து மேடையேறினார். தட்டில் கேட்டு ஆஜானுபாகு என்று நினைத்திருந்தார்கள். ஒல்லியாக, குட்டையாக, மூக்குக் கண்ணாடியோடு இருந்தார். ஆர்மோனியத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"திருகுக்காரி யாரு?" என்று கேட்டார்.

கூட்டம் அஞ்சலையைத் தூக்காத குறையாக முன்னால் தள்ளியது. நோட்டும் பென்சிலுமாக மேடைக்குக் கீழே வந்து நின்றாள்.

"மூணாவது சரணம் பஸ்ஸுல வரும்போது புதுசாக் கட்டினேன். எழுதிக்க தாயி" என்றார் மின்னல். "மெதுவாப் பாட மாட்டேன்."

பாடினார். முதல் சரணத்துக்குத் திடல் ஆடியது. இரண்டாவதுக்குத் தேவதாஸ் ரொட்டி மணியைக் கழற்றி எடுத்துவந்து அடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வந்தது. அதில் குயில் இல்லை. தந்தி இருந்தது, ஓய்வெடுங்கள் இருந்தது, ரொட்டிப் பெட்டியும் பட்டுப் புடவையும் இருந்தன, யார் போய்ச் சொன்னார்களோ. எல்லாம் ஒரே மூச்சில். அஞ்சலை நாலு வார்த்தை எழுதினாள். ஐந்தாவதை எழுதுவதற்குள் அவர் எங்கேயோ போய்விட்டார். அவள் கட்டைவிரல் தன்னையறியாமல் திருகைத் தேடியது. மனுஷனுக்குத் திருகு ஏது. நோட்டை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பென்சிலைக் காதில் செருகிவிட்டு, வாய்விட்டுச் சிரித்தாள். மின்னலை அவர் வேகத்திலேயே, எழுதாமல், முதல் தடவையாக நேரில் கேட்டாள்.

அதனால் அந்த மூன்றாம் சரணம் இன்றுவரை எந்த நோட்டிலும் இல்லை. காஜா பெராங்கில் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கு ஒரு விதமாகப் பாடுவார்கள். அஞ்சலையைக் கேட்டால் தனக்கும் சரியாகத் தெரியாது என்றுதான் சொல்வாள்.